ராமேஸ்வரம் ரெண்டு தடவை பாத்தாச்சு, அடுத்த தடவை இந்தக் கரைல என்ன பாக்குறதுன்னு கேட்டவருக்கு

கோயம்புத்தூர்லேருந்து ஒருத்தர் கேட்டுருக்காரு. கோயில்ல 22 தீர்த்தமும் ஆடியாச்சு, பாலம் பாத்தாச்சு, தனுஷ்கோடி கடைசில இருக்குற அரிச்சல்முனை போய் போட்டோவும் எடுத்தாச்சு, அடுத்து ஒரு நாலு நாள் லீவு கிடைக்குது, எந்த மாசம்னாலும் சரி, மனைவியும் எட்டு வயசு மகளும் கூட வர்றாங்க, டூரிஸ்ட் இடமே வேணாம், இந்தக் கடற்கரை ஜனங்க எப்படி வாழுறாங்கன்னு பாக்கணும், மீனவர் வீட்ல தங்க முடியுமா, போட்ல கடலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களான்னு. கடைசில ஒரு வரி போட்டுருக்காரு, "அவங்களுக்கு நாங்க தொந்தரவா இருந்துடக்கூடாது"ன்னு. என்னயப் பொறுத்தவரைக்கும் அந்த வரிதான் உண்மையான கேள்வி, அதுக்காகத்தான் உக்காந்து இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் உச்சிப்புளி பக்கத்துல பொறந்து வளந்தவ. இருபது வருசத்துக்கு மேல மீனவப் பொம்பளைங்களோட சேமிப்புக் குழுக்கள்ல களப்பணி பாத்தேன், மண்டபம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரைன்னு தினமும் பஸ்லயும் நடையுமாவே போச்சு. இந்தப் பகுதியப் பத்தி நம்பிச் சொல்லுவேன். தொண்டி பக்கம் போயிட்டு வந்த பழக்கம் மட்டும்தான், அதனால அந்தப் பக்கத்தப் பத்தி கொஞ்சமாத்தான் சொல்லுவேன்.

முதல்ல உங்க ரெண்டு நேர்க் கேள்விக்கு பதில். மீன்பிடி போட்ல கடலுக்குப் போறத மறந்துடுங்க. விசைப்படகுக்கு, அதாவது இஞ்சின் வச்ச பெரிய போட்டுக்கு, மீன்வளத்துறைல டோக்கன் வாங்கித்தான் கடலுக்குப் போகணும், போட்ல மீனவர் அடையாள அட்டை இல்லாத ஆளு இருந்தா சிக்கல் உங்களுக்கு இல்ல, போட்டுக்காரருக்கு. அந்தப் பக்கம் இலங்கை எல்லை வேற. ரொம்பக் கெஞ்சுனா சின்ன நாட்டுப்படகு வச்சுருக்குறவர் யாராவது மனசு எளகி ஏத்திக்கலாம், ஆனா நீங்க ஊருக்குப் போனப்புறம் அவரு பதில் சொல்லிட்டு நிக்கணும். தண்ணில போயே ஆகணும்னா தொண்டி பக்கத்துல காரங்காட்டுல, கடல் தண்ணில வளர்ற அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்க, ஏர்வாடி பக்கத்துல பிச்சைமூப்பன் வலசைலயும் இருக்கு, ரெண்டும் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து நடத்துறது. காரங்காட்டுல முன்னாடியே சொல்லி வச்சா ஊர்ப் பொம்பளைங்களே நண்டு, மீன்னு சமைச்சுப் போடுவாங்க. காத்து, மழையப் பொறுத்து படகு நிப்பாட்டிருவாங்க, கெளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க. மீனவர் வீட்ல தங்குறது பத்தி சொல்லணும்னா, பெரும்பாலான வீடு ஒரு ரூமும் ஒரு திண்ணையும்தான், நீங்க போனா அந்த வீட்டு ஆளுங்க வெளில படுப்பாங்க, வேணாம்னும் சொல்ல மாட்டாங்க. அதனால ராமநாதபுரத்துலயோ மண்டபத்துலயோ லாட்ஜ்ல தங்கிட்டு, பகல்ல ஊருக்குள்ள போங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நாலு நாளைக்கு ஊர்ப் பட்டியல் போட்டுட்டு வர்றவங்க எல்லாரும் ஒரே மாதிரி ஏமாந்து போறாங்க, ஏன்னா காலைல பதினொரு மணிக்கு எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் வலை காயுறதும் நாய் தூங்குறதும்தான் இருக்கும். எங்க ஊரப் பாக்க எந்த இடம்ங்கறத விட எந்த நேரம், எந்தக் கிழமை, என்ன காத்துங்கறது முக்கியம். இங்க ரெண்டு கடல். வடக்க பாக் நீரிணைப் பக்கம் இருக்குறத பெண்கடல்ம்பாங்க, தெக்க மன்னார் வளைகுடாவ ஆண்கடல்ம்பாங்க, ஒண்ணு அமைதியா கெடக்கும், இன்னொண்ணு அலையடிக்கும்னு. ஆனா அது எப்பவும் அப்படியே இருக்காது. வாடைக்காத்து வீசுற ஐப்பசி, கார்த்திகை, மார்கழில வடக்குக் கடல் கொந்தளிச்சுப் போயி தெக்குக் கடல் படுத்துரும். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடில அப்படியே தலைகீழ். வடக்கேருந்து வர்றது வாடை, கிழக்கேருந்து கொண்டல், மேக்கேருந்து கச்சான், தெக்கேருந்து சோழகம், இந்த நாலு வார்த்தைய மகளுக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க. பாம்பன் தீவுல காத்து மாறுறதுக்கு ஏத்த மாதிரி படகயும் குடிசையயும் ஒரு கரைலேருந்து இன்னொரு கரைக்கு மாத்திக்கிறவங்க இன்னமும் இருக்காங்க.

கிழமையும் அப்படித்தான். ராமேஸ்வரம் விசைப்படகுங்க திங்க, புதன், சனி கடலுக்குப் போகும், மத்த நாலு நாளும் நாட்டுப்படகுக்கு, கடல் ரெண்டு பேருக்கும் சண்டையில்லாம கிடைக்கணும்னு ஏற்படுத்துன முறை. அப்ப செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைல விடிஞ்சும் விடியாமலும் துறைமுகத்துக்குப் போனீங்கன்னா போட்டு வந்து அணையுறதும், இறால், நண்டு, கணவாய்னு பிரிச்சுக் கூடைல கொட்டுறதும், ஏலம் போற சத்தமும், ஐஸ் ஒடைக்கிறதுமா கரை நிக்கும். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்ப வந்தா அந்தக் காட்சி இருக்காது, ஆனா நாட்டுப்படகு, கரைலேருந்தே இழுக்குற கரைவலை எல்லாம் நடக்கும், போட்ட மேல ஏத்தி வச்சுப் பழுது பாக்குறதும் பலகை அடிக்கிறதும் பெயிண்ட் அடிக்கிறதும் நிதானமா பாக்கலாம், ஆளுங்களும் பேச நேரத்தோட இருப்பாங்க. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. இங்க எந்தத் தெருவுலயும் இலங்கை நேவி புடிச்சிட்டுப் போன ஆளு இருக்குற வீடு ஒண்ணாவது இருக்கும். ஸ்டிரைக் நடக்குற நாள்ல வந்துட்டீங்கன்னா கேமராவ உள்ள வச்சிருங்க, "எத்தன பேர புடிச்சாங்க, எப்ப விடுவாங்க"ன்னு கேள்வி கேக்காதீங்க.

உங்க மகளுக்கு நான் முதல்ல காட்டுவேன்னா கரைவலையத்தான். படகுல வலைய அரைவட்டமா போட்டுட்டு வந்து ரெண்டு நுனிக் கயித்தயும் கரைல ரெண்டு குழு இழுக்கும், மணிக்கணக்குல ஆகும், வயசானவங்க, பொம்பளைங்க எல்லாரும் கயித்துல நிப்பாங்க. மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி போற வழில எல்லாம் நடக்கும், எந்தக் கரைன்னு காத்துதான் முடிவு பண்ணும். பழைய ஆளுங்க இழுக்கும்போது அம்பா பாட்டு பாடுவாங்க, இப்ப அது கொறஞ்சு போச்சு, நான் சின்னப் புள்ளைல கேட்ட அளவுக்கு இன்னிக்குக் கேக்குறதில்ல, அதனால பாட்டு கேக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஆனா கயித்துல ஒரு கை புடிக்கலாமான்னு கேட்டா யாரும் முடியாதுன்னு சொல்லி நான் பாத்ததில்ல. செருப்ப கழட்டிட்டு நில்லுங்க, கயிறு கை கிழிக்கும், ஒரு துண்ட சுத்திக்கங்க. மடி, அதான் வலைல மீன் சேர்ற பை, கரைக்கு வர்ற நேரத்துல எல்லாரும் கிட்ட ஓடுவாங்க, அப்ப கொஞ்சம் தள்ளி நிக்கணும், மீன் பாடு என்ன கெடைச்சுருக்குன்னு அவங்களுக்கே அப்பத்தான் தெரியும், சில நாள் பாசியும் ஜெல்லிமீனும்தான் வரும், அந்த நேரத்துல பக்கத்துல நின்னு செல்பி எடுக்குறது பாக்க முடியாத காட்சி. நல்ல பாடு இருந்தா இழுத்தவங்களுக்குக் கறிக்கு மீன் குடுப்பாங்க, உங்க மகளுக்கும் ஒரு கை அள்ளிக் குடுப்பாங்க. வாங்கிக்கங்க, காசு நீட்டாதீங்க. அது கூலி, கைய நீட்டி வேலை செஞ்சதுக்கு. காசு குடுக்கணும்னு தோணுனா கூறு போட்டு வச்சுருக்குற அக்காகிட்ட ரெண்டு கூறு காசு குடுத்து வாங்குங்க, லாட்ஜ் பக்கத்துச் சின்ன மெஸ்ல குடுத்தா பொரிச்சுத் தருவாங்க.

கடல்பாசி எடுக்குற பொம்பளைங்களப் பத்தி நெறைய பேரு நியூஸ்ல பாத்துட்டுக் கேக்குறாங்க. பாம்பன் சின்னப்பாலத்துலேருந்து கீழக்கரை வரைக்கும் பாசி எடுக்குறவங்க உண்டு. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி மாசத்துக்குச் சுமாரா பன்னெண்டு நாள்தான் போறதுன்னு அவங்களே பேசி வச்சுக்கிட்ட ஊர்கள் உண்டு. கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணிய சுத்திக்கிட்டு, கால்ல தகடு கட்டிக்கிட்டு, இடுப்புல பையோட மூச்ச அடக்கி முங்குவாங்க. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி எல்லாம் அகர்ங்கற கூழ்ப்பொருள் எடுக்கப் போகுது, கட்டக்கோரை ஆல்ஜினேட்ங்கற இன்னொரு கூழ்ப்பொருளுக்கு, நாம சாப்பிடுற ஐஸ்க்ரீம்லயும் மாத்திரையிலயும் அது இருக்கும். ஒரு பாசிக்கு பெப்சிப் பாசின்னே பேரு, அந்தக் கம்பெனிதான் அத இங்க மிதவைல வளக்கக் கொண்டாந்துச்சுங்கறதால. இதெல்லாம் கரைல காயப்போடுற எடத்துல போய்க் கேட்டா அவங்களே பிரிச்சுக் காட்டிச் சொல்லுவாங்க.

ஆனா தண்ணிக்குள்ள இறங்குற எடத்துக்குப் போகாதீங்க. வேலைல சேந்த புதுசுல நானே அந்தத் தப்பப் பண்ணேன். வெளியூர்லேருந்து வந்த ஒரு குழுவ, நல்ல மனுசங்கதான், காலைல கரைக்குக் கூட்டிட்டுப் போனேன், நனைஞ்ச துணியோட மேல ஏறி வர்றவங்கள அவங்க படமா எடுத்துத் தள்ளிட்டாங்க. ஒரு அக்கா எங்கிட்ட வந்து, "ஏத்தா, ஒன் வீட்டுக்கு நாங்க வந்து நீ குளிக்கிறத படம் எடுத்தா ஒத்துக்குவியா"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. அப்புறம் நாலஞ்சு மாசம் அந்தத் தெருவுல எனக்கு யாரும் தண்ணி கூட குடுக்கல, கூட்டம் போட்டா பாதிப் பேரு வரல. அது சரியாக ரொம்ப நாள் ஆச்சு. இன்னொரு காரணமும் இருக்கு. மன்னார் வளைகுடால இருக்குற 21 தீவும் 1986லேருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாம யாரும் கால் வைக்கக் கூடாது, பாசி எடுக்குறவங்களுக்கும் வனத்துறைக்கும் இதுல பல வருசமா இழுபறி உண்டு. நீங்க போடுற ஒரு வீடியோ அவங்கள எந்த மூலைல கொண்டு போய் நிறுத்தும்னு உங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் பாசி காயுற நேரத்துல, வேலை முடிஞ்சு உக்காந்துருக்கும்போது, உங்க வீட்டம்மாவ முன்னாடி விட்டுப் பேசச் சொல்லுங்க.

ஒரு நாள் முழுசா கீழக்கரைக்கு வைங்க. ராமநாதபுரத்துலேருந்து பஸ் அடிக்கடி இருக்கு. முத்து, சங்கு, கப்பல்னு கடல் வியாபாரத்துல வாழ்ந்த முஸ்லிம் மரைக்காயர்கள் ஊரு. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி"ன்னு நாம பழமொழியா சொல்ற அந்த வள்ளல் இந்த ஊர்க்காரர்தான், ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதி காலத்து ஆளு, அடக்கமும் இங்கதான். அங்க கல்லுல கட்டுன ஜும்மா பள்ளிவாசலப் பாத்தா தூணும், அதுக்கு மேல உத்தரத்தத் தாங்குற போதிகையும் நம்ம கோயில் மண்டபத்துல பாக்குற வேலை மாதிரியே இருக்கும். அந்த எடத்துல பள்ளி இருந்தது நபி காலத்தை ஒட்டின்னு ஊர்ல சொல்லுவாங்க, அது ஊரோட நம்பிக்கை. இப்ப நிக்கிற கல்கட்டடம் 17ம் நூற்றாண்டு வேலைங்கறதுதான் வரலாற்றுக்காரங்க சொல்றது. ரெண்டயும் போட்டுக் குழப்பிக்க வேணாம், வாசல்ல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு, தொழுகை நேரம் இல்லாதப்ப, தலைய மறைச்சுக்கிட்டு போங்க, பொம்பளைங்க எதுவரைக்கும் போகலாம்னும் அவங்ககிட்டயே கேட்டுக்கங்க.

அப்புறம் சாப்பாடு. கீழக்கரைல தொதல்னு ஒண்ணு, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கா கிண்டுறது, கை வலி எடுத்தாலும் நிப்பாட்ட முடியாது, நிப்பாட்டுனா அடிப்பிடிக்கும். இலங்கைலயும் இது தொதல்தான், மலேசியா, இந்தோனேசியாவுல டோடோல்ம்பாங்க. முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டு அவிக்கிற வட்டிலப்பமும் அப்படித்தான், கடல் தாண்டிப் போய் வந்த பண்டம். இந்தக் கரைக்காரங்க எங்கெங்க கப்பல் விட்டாங்கன்னு ஒரு துண்டு தொதல் சொல்லிரும். கடைல கிடைக்கும், ஆனா யார் வீட்ல ஆர்டருக்குச் செய்றாங்கன்னு மளிகைக்கடைல விசாரிச்சு, முந்தின நாளே சொல்லி, வீட்லயே போய் வாங்குங்க. அப்படிப் போனா உக்காரச் சொல்லாம அனுப்ப மாட்டாங்க, உங்க மகளுக்கு லாத்தா, அதான் அக்கா, யாராவது தலை பின்னி விட்டுருவாங்க. மீன்குழம்ப அவங்க மீன் ஆணம்னு சொல்லுவாங்க, காதுல விழும். நோன்பு மாசத்துல வந்தீங்கன்னா பகல்ல ஊரு தூங்குற மாதிரி இருக்கும், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கத் தூக்குவாளியோட புள்ளைங்க வரிசைல நிக்கும், எந்தச் சாதி மதம்னு பாக்காம ஊத்துவாங்க, நாங்க சின்னதுல அப்படித்தான் வாங்கிக் குடிச்சோம். நோன்பு மாசம் வருசத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னாடி தள்ளி வந்துக்கிட்டே இருக்கும், காலண்டர் பாத்துக்கங்க.

கரைய விட்டுக் கொஞ்சம் உள்ள வந்தா பனையும் மொளகாயும்தான். மாசி, பங்குனில ரோட்டோரம் களத்துல செகப்பா உருண்டை மொளகா காயும், அதுதான் ராமநாதபுரம் முண்டு மொளகா, 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது, நாங்க குண்டு மொளகான்னுதான் சொல்லுவோம். வெளைய வச்ச சம்சாரிகிட்டயே ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போங்க. சாயல்குடி பக்கம் பனைக்காடு, பதநீ இறங்குற மாசத்துல காலைல ஏழு மணிக்குள்ள போகணும், வெயில் ஏறுனா புளிச்சிரும். தை மாசம்னா பனங்கிழங்கு. ஓலைல கொட்டான், பெட்டி முடையுற பொம்பளைங்க இருப்பாங்க, உங்க மகளுக்கு ஒரு கிலுகிலுப்பை முடைஞ்சு குடுக்கச் சொல்லுங்க, அதுக்குக் காசு குடுத்துருங்க, பேரம் பேசாதீங்க. ஆடி, ஆவணில வந்தா முளைப்பாரித் திருவிழா. நாளெல்லாம் இருட்டு ரூம்ல மொளைக்க வச்ச பயிர ராத்திரி கும்மி கொட்டி வளத்து, கடைசி நாள் தலைல தூக்கிட்டுப் போய்த் தண்ணில விடுவாங்க. எந்த ஊர்ல என்னிக்குன்னு போர்டு வைக்க மாட்டாங்க, பஸ் ஸ்டாப்புல ரேடியோ செட் சத்தம் கேட்டா அங்கதான். கும்மில சேந்துக்கலாம், பயிர் வளக்குற ரூமுக்குள்ள மட்டும் எட்டிப் பாக்கக் கூடாது.

தேவிபட்டினம், உத்தரகோசமங்கை கோயில் எல்லாம் டூரிஸ்ட் லிஸ்ட்ல இருக்கேன்னு விட்டுறாதீங்க, நாள் தெரிஞ்சு போங்க. தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற ஒன்பது கல்ல ராமர் வச்சதுன்னு கும்பிடுறோம், அது நம்பிக்கை. அதே கரைல கொஞ்சம் தெக்க அழகன்குளத்துல மண்ணத் தோண்டி எடுத்த ரோமானிய மண்பாண்டமும் காசும், ரோம் வரைக்கும் வியாபாரம் நடந்ததுக்குக் கைல இருக்குற ஆதாரம், ஆத்தங்கரைல வைகை கடல்ல சேருற எடத்துக்குப் பக்கம். இன்னிக்கு அங்க போனா தென்னந்தோப்பும் மீனவர் வீடும்தான் தெரியும், பாக்க ஒண்ணும் இல்லன்னு சிலர் திரும்பி வந்துருவாங்க, எனக்கு அந்த எடம்தான் ரொம்பப் புடிக்கும். தை, ஆடி அமாவாசைக்கு மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க, தர்ப்பணம் குடுக்க வர்ற கூட்டத்துல பஸ்ல நிக்கக்கூட எடம் இருக்காது. ஏர்வாடி தர்கா போனா அங்க மனநலம் சரியில்லாதவங்களோட குடும்பங்க மாசக்கணக்குல தங்கியிருக்கும். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி அங்க ஒரு காப்பகத்துல தீப்புடிச்சு, சங்கிலில கட்டி வச்சுருந்த 28 பேரு செத்துப் போனாங்க. ஆண்டவர வேண்டிக்கிட்டு வாங்க, யார் மொகத்தயும் உத்துப் பாக்காதீங்க.

கடைத்தெருவுல ஒரு எச்சரிக்கை. பவளப்பாறை, கடல்குதிரை, கடலட்டைன்னு யாராவது மறைச்சு வச்சுக் காட்டுனா கைல தொடாதீங்க, வனஉயிர்ச் சட்டத்துல வாங்குறவங்களுக்கும் கேஸ் உண்டு. வெண்சங்கு வாங்கலாம், அதுக்கு இங்க பரம்பரையா முங்குறவங்க இருக்காங்க, பில்லோட வாங்குங்க.

தனுஷ்கோடிக்கு மறுபடியும் போறதா இருந்தா முனைக்குப் போகாம பாதில இறங்குங்க. 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் ஆள் வாழ லாயக்கில்லன்னு அரசாங்கம் அறிவிச்ச எடம் அது. இன்னமும் மீனவக் குடும்பங்க அங்க இருக்கு, கடலுக்குப் பக்கத்துலயே மண்ணக் கையால தோண்டி ஊத்துல நல்ல தண்ணி எடுக்குறாங்க, கொட்டாங்கச்சியால மொண்டு மொண்டு கொடம் நெறையணும். உங்க மகள ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கேட்டா குடுப்பாங்க. பதிலுக்கு பிஸ்கட்டு, மிட்டாயின்னு புள்ளைங்களுக்கு வீசாதீங்க, அங்கேயே சுட்ட மீன் விக்கிறாங்க, உக்காந்து சாப்பிட்டு காசு குடுங்க.

நாலு நாளயும் முன்கூட்டியே நெரப்பிக்கிட்டு வராதீங்க. கீழக்கரைக்கு ஒண்ணு, மண்டபம் பாம்பனுக்கு ரெண்டு, கரைய விட்டு உள்ள இருக்குற ஊர்ப் பக்கம் ஒண்ணுன்னு மட்டும் வச்சுக்கிட்டு, காலைல அஞ்சு மணிக்கு டீக்கடைல போய் நின்னு "இன்னிக்கு என்ன காத்துண்ணே, எந்தக் கரைல வலை இழுக்குறாங்க"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விய ஒரு வெளியூர்க்காரர் கேட்டா டீ ஆத்துறவரு ஒரு நிமிசம் உங்க மொகத்தப் பாப்பாரு, அப்புறம் கடைல நிக்கிற எல்லாரும் ஒரே நேரத்துல பதில் சொல்ல ஆரம்பிச்சுருவாங்க, அதுல யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம்தான் போவாரு, அவரு பின்னாடியே போங்க.